அச்சுக்காரன் கழுத்தில் இருந்த கை

அகராதி அலுவலகத்து அச்சுக்காரனின் கழுத்தை ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு ஒரு கை பிடித்தது. கைக்குச் சொந்தக்காரர் என்று யாரும் அந்த அறையில் இல்லை. கையும் கண்ணுக்குத் தெரியவில்லை. பிசைந்த மாவில் அழுத்தினாற்போல ஐந்து விரல்களின் பள்ளம் மட்டும் தெரிந்தது. சட்டைக் காலர்தான் இறுக்குகிறது என்று நினைத்து அவன் மேல் பொத்தானைக் கழற்றினான். பிறகு இரண்டாவதையும் கழற்றினான். மூன்றாவதைக் கழற்றுவது நாலு பேர் வேலை பார்க்கும் இடத்தில் மரியாதை இல்லை என்பதால் அத்துடன் நிறுத்திக்கொண்டு டாக்டரிடம் போனான். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். கை வெளியே இருப்பதால் உள்ளே பார்த்துப் பிரயோஜனமில்லை என்று சொல்லி, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கும்படி எழுதிக் கொடுத்தார்.

இது எப்படி நேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் அந்த அலுவலகத்தின் நடைமுறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் பெரிய அகராதி ஒன்றை அங்கே தயாரித்துவந்தார்கள். நாற்பத்து மூன்று வருஷம் தயாரித்து டபிள்யூ எழுத்துவரை வந்திருந்தார்கள். கட்டடம் ஒரு காலத்தில் சோப்புக் கிடங்காக இருந்தது. மழைக்காலத்தில் சுவர்கள் நுரைக்கும், துணி காயப்போட்ட வாசனை வரும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாவது மாடியில் ஒரு சொல் எங்கே பிறந்து எப்படி வந்தது என்று வேர் தேடுவார்கள். இரண்டாவது மாடியில் பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியமும் எழுதுவார்கள். தரைத்தளத்தில் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடிப்பார்கள். எல்லா மாடித் தரையிலும் ஒரே நேர்கோட்டில் ஒரு சதுர ஓட்டை இருந்தது. சோப்புப் பெட்டி இறக்குவதற்காக வெட்டிய ஓட்டை. இப்போது அதன் வழியாகக் கயிற்றில் கட்டிய ஒரு கூடையில் சொற்சீட்டுகள் இறங்கின.

நிறுவனர் போட்டு வைத்துவிட்டுப் போன சட்டம் ஒன்றுதான். எடுத்துக்காட்டு வாக்கியம் ஒவ்வொன்றும் நடந்ததாக இருக்க வேண்டும், எழுதுகிறவர் அதைத் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். மற்ற அகராதிகளில் ‘அவன் யானையைப் பார்த்தான்’ என்று எழுதியிருப்பார்கள். எந்த அவன், எந்த யானை என்று கேட்டால் பதில் இருக்காது. இங்கே பதில் இருக்கும். வாக்கியம் எழுதியவர் சீட்டில் ‘கண்டது’ என்று சிவப்பு முத்திரை குத்த வேண்டும். பார்த்திராத விஷயமானால் வாக்கியத்துக்கு இடம் விட்டு ‘காணவில்லை’ என்று நீல முத்திரை குத்த வேண்டும். நிலநடுக்கம் என்ற சொல்லுக்கான சீட்டு பத்து வருஷம் நீல முத்திரையோடு காத்திருந்தது. ஒருநாள் மத்தியானம் கட்டடம் லேசாக ஆடியபோது எல்லோரும் வாசலை நோக்கி ஓடாமல் மேஜையை நோக்கி ஓடினார்கள். இப்படி நாற்பத்து மூன்று வருஷம் ஒரு பொய் வாக்கியம்கூட அந்தக் கூடையில் இறங்கியதில்லை. அவ்வளவு காலம் ஒரே மாதிரி நடந்தால் மனுஷனுக்கே பழக்கம் மாறாது, கட்டடத்துக்கு எப்படி மாறும்.

மூன்றாவது மாடியில் வேர் தேடியவரை வேர்க்காரர் என்றே எல்லோரும் சொன்னார்கள். ஐம்பத்திரண்டு வயது, தடித்த கண்ணாடி, பேனா பிடித்துப் பிடித்து வலது நடுவிரலில் கொட்டைப் பாக்கு அளவுக்கு ஒரு காய்ப்பு. அவருடைய மனைவி இரண்டாவது மாடியில் வாக்கியம் எழுதினாள். அவளை வாக்கியத்தம்மாள் என்றார்கள். இருவரும் ஒரே குடையில் வந்து ஒரே குடையில் போவார்கள். குடைக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள். காரணம் இருந்தது. அகராதியை வாங்கியவர்கள் அதைச் சொல் தேடுவதற்காக வாங்கவில்லை, வாக்கியத்தம்மாளின் வாக்கியங்களைப் படிப்பதற்காக வாங்கினார்கள். பஸ்ஸில் படித்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் போனவர்கள் உண்டு. வாரத்துக்கு ஒரு மூட்டைக் கடிதம் அவள் பெயருக்கு வரும். வேர்க்காரருக்குப் பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு கடிதம் வந்தது. அதுவும் வீட்டு வரி நோட்டீஸ், முகவரி மாறி வந்திருந்தது.

அதைக்கூட அவர் பொறுத்திருப்பார். ஆனால் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும் என்ற சட்டத்தின்படி வாக்கியத்தம்மாள் தன் வீட்டில் பார்த்ததை எழுதினாள். வீட்டில் அவர்தான் இருந்தார். ஒருநாள் அவர் எல்லாத் தொகுதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு தேடிப் பார்த்ததில் நாற்பத்தொரு சொற்களில் தான் இருப்பதைக் கண்டார். குறட்டைக்கு, ‘என் கணவர் தூங்கினால் ஜன்னல் கொக்கி தானாகக் கழன்றுகொள்கிறது.’ உம்மென்று இருப்பதற்கு, ‘ஒரு பொத்தானுக்காக என் கணவர் மூன்று நாள் சுவரோடு மட்டும் பேசினார்.’ முணுமுணுப்புக்கு, பிடிவாதத்துக்கு, தொலைப்பதற்கு, தொலைத்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு தேடுவதற்கு, எல்லாவற்றுக்கும் அவர்தான். பொத்தான் கிடைத்ததா என்று விசாரித்து இருபத்தேழு பேர் எழுதியிருந்தார்கள். நல்ல சொல் என்று சொல்லும்படியாக ஒன்றிலும் அவர் இல்லை.

இந்த நிலையில்தான் புது அச்சுக்காரன் வந்து சேர்ந்தான். முப்பது வயது, ஒல்லி, கொக்கு மாதிரி நீண்ட கழுத்து. எழுத்துக் கோக்கும்போது சீட்டியடிப்பான். அவன் சீட்டியடித்தால் ஈய எழுத்துகள் பெட்டிக்குள் தாமே திரும்பி முகத்தைக் காட்டும், எடுத்து வைப்பதுதான் பாக்கி. வாக்கியத்தம்மாளின் வரிகளை அவன் சிரித்துக்கொண்டே கோப்பான், ஒரு பிழை இருக்காது. வேர்க்காரரின் வரிகளைக் கொட்டாவி விட்டுக்கொண்டே கோப்பான். ஒருமுறை ஒரு பழைய மொழி முழுவதையும் தலைகீழாகக் கோத்துவிட்டான். வேர்க்காரரைத் தவிர யாரும் கண்டுபிடிக்கவில்லை. வாக்கியத்தம்மாளை அவன் அக்கா என்று கூப்பிட்டான், வேர்க்காரரை சார் என்று கூப்பிட்டான். ஓட்டையின் ஓரத்தில் வேர்க்காரர் போட்டிருந்த மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தால் மூன்று மாடி கீழே அவனுடைய உச்சந்தலையும் அந்த நீளக் கழுத்தும் தெரியும். வாக்கியத்தம்மாள் திருத்தம் பார்க்கக் கீழே போகும்போதெல்லாம் அவளுடைய கொண்டையும் தெரியும். வேர்க்காரர் எட்டிப் பார்த்துப் பார்த்து அவர் மேஜை ஒவ்வொரு மாதமும் ஓட்டைக்கு ஒரு விரல்கடை நெருங்கி வந்தது. மேஜையை அவர் தள்ளவில்லை, அது தானாகத்தான் வந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

டபிள்யூ எழுத்து தொடங்கியது. இளஞ்சூட்டுக்கான சொல் வந்தது. ‘எங்கள் அச்சுக்காரன் கொண்டுவரும் டீ இரண்டு மாடி ஏறியும் ஆறுவதில்லை’ என்று வாக்கியத்தம்மாள் எழுதினாள். சீட்டிக்கான சொல் வந்தது. ‘எங்கள் அச்சுக்காரன் சீட்டியடித்தால் ஈயமும் வரிசையில் நிற்கிறது’ என்று எழுதினாள். வேர்க்காரர் இரண்டையும் அச்சுத்தாளில் படித்தார். பத்தொன்பது வருஷ டீயை அவர் நினைத்துப் பார்த்தார். அவரும் டீ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். ஆறித்தான் இருந்திருக்கும், ஆனால் கொடுத்திருக்கிறார்.

அன்றைக்கு அவர் மேஜையில் இருந்த சொல் வொர்ரி. ‘வொர்ரி பண்ணாதீங்க’ என்று நாம் போகிற போக்கில் சொல்கிறோமே, அதே வொர்ரிதான். சாதுவான சொல் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வேர்க்காரர் அதைத் தோண்டிக்கொண்டே போனபோது அது ஐந்து அடுக்காக இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அதற்குக் கழுத்தை நெரிப்பது என்று பொருள். சில நூறு வருஷம் கழித்து, ஓநாயும் நாயும் ஆட்டின் தொண்டையைக் கவ்வி உலுக்குவதைச் சொன்னார்கள். அதற்கப்புறம் பல்லை எடுத்துவிட்டு, ஒருவரை விடாமல் நச்சரிப்பதைச் சொன்னார்கள். பிறகு மனசைப் போட்டு அரிப்பதற்கு ஆயிற்று. கடைசியாக, நேற்றுப் போல ஒரு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், யாரும் ஒன்றும் செய்யாமலே ஒரு ஆள் தானே உட்கார்ந்து கவலைப்படுவதற்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது. ‘வெளியே இருந்த கை மெல்ல மெல்ல உள்ளே போய்விட்டது’ என்று வேர்க்காரர் சீட்டின் ஓரத்தில் எழுதினார். அவர் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான். வேர்ப் பகுதியில் இருந்ததால் அதை யாரும் படிக்கவில்லை.

பழைய பொருள்களுக்கு வாக்கியம் தேடுவது வேர் தேடியவருடைய பொறுப்பு. கழுத்து நெரிபடுவதை அவர் எங்கே பார்த்தார்? பத்தொன்பது வருஷமாகச் செய்ததைப் போல நீல முத்திரையைக் கையில் எடுத்தார். எடுக்கும்போது கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் ஓட்டை வழியாக ஏறி வந்தது. அவர் எட்டிப் பார்த்தார். அச்சுக்காரன் ஒரு ஈய எழுத்தை மூக்கு நுனியில் நிறுத்திக்காட்டிக்கொண்டிருந்தான். வாக்கியத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. நீல முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, பேனாவை எடுத்து, ‘அச்சுக்காரனின் கழுத்தை ஒரு கை பிடித்திருக்கிறது’ என்று எழுதினார். சிவப்பு முத்திரையைக் குத்தினார். கூடையில் போட்டு இறக்கினார். அப்போது மணி பத்தே முக்கால். அச்சுக்காரன் அந்த வரியைத் தானே தன் கையால் கோத்து முற்றுப்புள்ளி வைக்கும்போது பதினொன்றேகால் ஆகியிருந்தது.

யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை. அந்த அலுவலகத்தில் முதலில் விஷயம் நடக்கும், பிறகுதான் வாக்கியம் வரும் என்பது கல்லில் செதுக்கியது போல. தலைமைப் பதிப்பாசிரியர் பூதக்கண்ணாடியோடு கீழே இறங்கி வந்து, ஒரு பக்கம் சீட்டையும் ஒரு பக்கம் கழுத்தையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். “வாக்கியம் சரியாத்தான் இருக்கு. யார் கைன்னு போடல, அது ஒண்ணுதான் குறை. ஆனா முதல்ல கவனிச்சது நீங்கதான், பாராட்டணும்” என்று வேர்க்காரரின் முதுகில் தட்டினார். பத்தொன்பது வருஷத்தில் முதல் பாராட்டு. வேர்க்காரருக்குப் பயமாக இருந்தது, கூடவே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை அவர் குறித்து வைத்துக்கொண்டார்.

கையோடு வாழ அச்சுக்காரன் பழகிக்கொண்டான். டெய்லர் அவனுடைய காலரைக் கைக்கும் சேர்த்து ஒன்றேகால் அங்குலம் கூட்டித் தைத்துக் கொடுத்தார். திட உணவை விட்டுவிட்டுக் கஞ்சிக்கு மாறினான். சீட்டி மட்டும் வரவில்லை. சீட்டி இல்லாததால் ஈய எழுத்துகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தன, பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. கைக்கும் ஒரு கணக்கு இருந்தது. வாக்கியத்தம்மாள் பரிதாபப்பட்டுப் பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்த நாட்களில் அது இறுகியது. அவள் தைலம் கொண்டுவந்த அன்று அவன் முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில், கணவனும் மனைவியும் வீட்டில் இருக்கும்போது, கை தளர்ந்து கொடுத்தது. அன்றைக்கு அவன் வயிறாரச் சாப்பிடுவான். “கைக்கும் ஞாயித்துக்கிழமை லீவு போலிருக்குக்கா” என்று திங்கட்கிழமை வந்து சொல்வான். “எட்டு மணி நேரம் வேலை, நடுவுல சாப்பாட்டு இடைவேளை. யாரோ ஒழுங்கான ஆளோட கைதான்.” வாக்கியத்தம்மாள் சிரிக்க மாட்டாள், அவனுடைய கழுத்தையே உற்றுப் பார்ப்பாள். அவள் உற்றுப் பார்ப்பதை வேர்க்காரர் மேலேயிருந்து பார்ப்பார். கை ஒரு சுற்று இறுகும்.

ஒரு மாதம் போனது. அச்சுக்காரனின் குரல் சாவித்துவாரம் வழியாக வருவது போல மெலிந்துவிட்டது. வேர்க்காரர் கெட்டவர் இல்லை. பொறாமையை விட்டுவிட அவர் உண்மையிலேயே முயன்று பார்த்தார். தும்மலை அடக்குவது போலத்தான் அது, அடக்க அடக்கக் கண்ணில் நீர் வந்தது. ‘கை விட்டுவிட்டது’ என்று இன்னொரு சீட்டு எழுதிப் போடலாம் என்றால், அது எந்தச் சொல்லுக்கும் எடுத்துக்காட்டாக வராது, கூடையிலேயே தங்கிவிடும். வொர்ரியில் மிச்சமிருந்த பொருள்களுக்குள்தான் அவர் வழி தேட வேண்டியிருந்தது. இரண்டாவது பொருளுக்கு, ‘ஒரு நாய் அந்தக் கையைக் கவ்வி உலுக்குகிறது’ என்று எழுதி, சிவப்பு முத்திரை குத்தி, பதினொன்றரைக்கு இறக்கினார். நாய் கையை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது அவருடைய திட்டம்.

பன்னிரண்டு மணிக்கு, யாருடையதும் அல்லாத ஒரு பழுப்பு நிற நாய் வாசல் வழியாக வந்து, காவலாளிக்கு வாலை ஆட்டிவிட்டு, அச்சு அறைக்குள் நுழைந்து, அச்சுக்காரனின் தோள்மேல் தாவி, கழுத்துக்கு அரைச் சாண் பின்னால் காற்றைக் கவ்வியது. காற்றைக் கவ்வியபடியே தொங்கி உலுக்கியது. கால்மணி நேரம் அப்படி வேலை பார்த்தது. கை அசைந்துகொடுக்கவில்லை. நாய் களைத்துப்போய்க் கீழே குதித்து, காகிதக் கட்டுகளின் மேல் சுருண்டு படுத்துக்கொண்டது. அதன் பிறகு அது அந்த அலுவலகத்தை விட்டுப் போகவே இல்லை. மூன்றாவது மாடியில் வேர்க்காரர் தன் வலது மணிக்கட்டைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டிருந்தார். கைக்குட்டை நனைந்து சிவந்திருந்தது.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கை கழுவும்போது வாக்கியத்தம்மாள் துண்டோடு பின்னால் நின்றாள்.

“கையைக் காட்டுங்க.”

“ஒண்ணுமில்ல. பூனை.”

“நம்ம வீட்டுல பூனை ஏது?”

“பக்கத்து வீட்டுப் பூனை.”

“அந்தப் பூனைக்குப் பல்லே இல்ல, பாலுல ரொட்டியை ஊறவெச்சுதான் குடுக்கறாங்க.” அவள் துண்டைக் கொடுக்கவில்லை. “நாய் பன்னெண்டு மணிக்கு வந்துச்சு. உங்க சீட்டு பதினொண்ணரைக்கே கூடையில இறங்கிடுச்சு. நடக்கறதுக்கு அரைமணி நேரம் முன்னாடியே கண்டீங்களா?”

வேர்க்காரர் துண்டுக்குக் கையை நீட்டினார். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அவன் கழுத்துல நடுவிரல் பதிஞ்ச இடத்துல மட்டும் பள்ளம் பெருசா இருக்கு. ஒரு பாக்கு அளவுக்கு. நானும் ஒரு மாசமா எங்கியோ பார்த்த மாதிரி இருக்கேன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.”

“நான் இங்கதானே இருக்கேன். என் கை என்கிட்டதானே இருக்கு.”

“இருக்கு. நீங்க எதுதான் முழுசா செஞ்சிருக்கீங்க.” அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். “அவன் என்னை அக்கான்னு கூப்பிடறான்.”

“கூப்பிடட்டும். அதை ஏன் அவ்ளோ நீட்டிக் கூப்பிடறான்?”

“மூச்சு இருந்தப்ப நீட்டினான். இப்ப ‘க்கா’ன்னு மட்டும்தான் வருது.”

“அவனுக்கு மட்டும் விசில். அவனுக்கு மட்டும் சூடான டீ. எனக்கு நாப்பத்தொரு வார்த்தை, ஒண்ணாவது வெளிய சொல்லிக்கற மாதிரி இருக்கா?”

வாக்கியத்தம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “நான் யாரைப் பார்க்கறேனோ அவங்களைத்தான் எழுதறேன். பத்தொம்போது வருஷமா நாப்பத்தொண்ணு. வேற யாருக்காவது ரெண்டுக்கு மேல இருக்கா, எண்ணிப் பார்த்தீங்களா? நல்ல வார்த்தை வேணும்னா நீங்கதான் எனக்குக் காட்டணும். கே-ல கைண்ட் வந்தப்ப சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு மூணு வாரம் உங்க பின்னாடியே சுத்தினேன். ஒருநாள் பிச்சைக்காரருக்குக் குடையைக் குடுத்தீங்க. அவசரமா எழுதிட்டேன். அடுத்த நிமிஷம் ‘ஏம்ப்பா, நாளைக்குத் திருப்பிக் கொண்டாந்துடுவே இல்ல’ன்னு கேட்டீங்க. கிழிச்சுப் போட்டுட்டு தபால்காரரை எழுதினேன்.”

இதைக் கேட்டு வேர்க்காரர் மனம் திருந்தியிருப்பார் என்று எதிர்பார்ப்பவர்கள் பொறாமைப்பட்டுப் பழக்கமில்லாதவர்கள். அவர் அன்று சாயங்காலம்வரை தபால்காரரை நினைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தபால்காரர் ஓய்வு பெற்று ஊரைவிட்டே போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கை லீவு எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அச்சுக்காரன் எழுத்துப் பெட்டியின் மேல் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாய் குரைத்தது. வேர்க்காரர் ஓட்டை வழியாகப் பார்த்தார். வாக்கியத்தம்மாள் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். மடியில் தலையைப் பார்த்ததும் கை என்ன செய்யும் என்று வேர்க்காரருக்குத் தெரியும். அது அதைச் செய்தது. அச்சுக்காரனின் குதிகால்கள் தரையை உதைப்பது மூன்றாவது மாடிவரை கேட்டது. வாக்கியத்தம்மாள் நிமிர்ந்து ஓட்டையைப் பார்த்தாள். கத்தவில்லை, திட்டவில்லை. “கண்ணை மூடிக்கவாவது செய்யுங்க” என்றாள், சாதாரணமாகத்தான்.

அவர் கண்ணை மூடினார். மூடியதும் இன்னும் நன்றாகத் தெரிந்தது. அப்போதுதான் தன்னால் பொறாமையை நிறுத்த முடியாது என்பது அவருக்கு நிச்சயமாயிற்று. நிறுத்த முடியாததை எழுதத்தான் முடியும். வொர்ரியின் நாலாவது பொருளுக்கு இன்னும் வாக்கியம் இல்லை. மனசைப் போட்டு அரிப்பது. சீட்டை இழுத்து வைத்துக்கொண்டு, பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூட எழுதியிராத ‘நான்’ என்ற சொல்லோடு ஆரம்பித்தார். ‘நான் என் மனைவியின் சிரிப்பைப் பார்த்து உள்ளுக்குள் அரிபட்டேன், அச்சுக்காரனின் கழுத்தைப் பிடித்திருப்பது என் கை.’ சிவப்பு முத்திரை. கூடையில் போட்டால் கீழே எடுக்க ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்தது. சீட்டோடு படியில் ஓடினார்.

அச்சில் கோத்தால்தான் வாக்கியம் வாக்கியமாகும். அவர் வாழ்நாளில் ஈய எழுத்தைத் தொட்டதில்லை. இருநூற்றுச் சொச்சம் குழிகள் உள்ள பெட்டிக்கு முன்னால் நின்று, சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவர் போல அங்குமிங்கும் பார்த்தார். மடியில் கிடந்த அச்சுக்காரன் கண்ணைத் திறந்து, அவர் கையிலிருந்த சீட்டை எழுத்தெழுத்தாகப் பார்த்து, விரலைத் தூக்கி, மேல் வரிசையில் ஒரு குழியைக் காட்டினான். வேர்க்காரர் எடுத்து வைத்தார். அடுத்த குழியைக் காட்டினான். நெரிபட்டுக்கொண்டிருந்தவன் காட்டக் காட்ட, நெரித்துக்கொண்டிருந்தவர் எடுத்து எடுத்து வைத்தார். ‘மனைவி’யில் அச்சுக்காரன் தலையை ஆட்டினான்.

“சார்... அது மூணு சுழி... ரெண்டு சுழி எடுங்க...”

அவர் மாற்றி வைத்தார். ‘சிரிப்பு’ வரும்போது எழுத்து அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. நாய் அதை மூக்கால் தள்ளிக்கொண்டுவந்து கொடுத்தது. ‘என் கை’ வந்தபோது அச்சுக்காரனின் விரல் பாதியிலேயே தரையில் விழுந்துவிட்டது. கடைசிக் குழியை வாக்கியத்தம்மாள்தான் காட்டினாள். வேர்க்காரர் முற்றுப்புள்ளியை எடுத்து வைத்து அழுத்தினார்.

கை விட்டது. அச்சுக்காரன் இழுத்த முதல் மூச்சில் மேஜைமேல் இருந்த காகிதங்கள் எல்லாம் அவனை நோக்கி ஒரு அடி நகர்ந்தன. அவன் எழுந்து உட்கார்ந்து, கழுத்தைத் தடவிப் பார்த்து, வேர்க்காரர் கோத்த வரியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். நெடுநேரம் படித்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. வேர்க்காரர் அடி வாங்கத் தயாராகக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

“முற்றுப்புள்ளி தலைகீழா இருக்கு, மாமா” என்றான் அச்சுக்காரன்.

கைக்குச் சொந்தக்காரர் இன்னார் என்று அச்சில் ஏறிவிட்டதால் அது அவரிடம் திரும்பி வந்தது. ஆனால் ஒரு மாதமாகக் கழுத்தைப் பிடித்தே பழகிய கை வேறெங்கு போகும்? அவருடைய கழுத்தையே பிடித்துக்கொண்டது. இறுக்கமாக இல்லை, பின்னால் வருகிற ஆள் கூட்டத்தில் தவறிவிடாமல் பிடித்துக்கொள்வது போல. குளிர்காலத்தில் மப்ளர் தேவைப்படவில்லை. வாக்கியத்தம்மாள் வேறு யாரோடாவது பேசிச் சிரிக்கும்போது மட்டும் ஒரு சுற்று இறுகும். அவர் இருமிக்கொள்வார். அவளும் இருமலைக் கேட்டு, பேச்சை நிறுத்தாமலே அவர் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள்.

டபிள்யூ தொகுதி வெளியானது. அந்தச் சொல்லைப் படித்தவர்கள் எல்லாம் தம்மையறியாமல் மேல் பொத்தானைக் கழற்றினார்கள் என்று புத்தகக் கடைக்காரர்கள் தெரிவித்தார்கள். பிறகு கடிதங்கள் வந்தன. முதல் மாதம் நானூறு, இரண்டாவது மாதம் அறுநூறு, எல்லாம் வேர்க்காரர் பெயருக்கு. அவரவர் தங்கள் கை எங்கெங்கே இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் தன் தம்பியின் கழுத்தில் என்றார், ஒரு பாட்டு டீச்சர் இன்னொரு பாட்டு டீச்சரின் கழுத்தில் என்றார். வேர்ப் பகுதியைக்கூடச் சிலர் படித்திருந்தார்கள். வெளியே இருந்த கை உள்ளே போய்விட்டது என்ற வரியை ஒருவர் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாக எழுதினார். அந்த மாதம் வாக்கியத்தம்மாளுக்குப் பதினொரு கடிதம் வந்தது. அதில் நாலு, அவளுடைய கணவரின் முகவரி கேட்டு வந்தவை. ஒய் எழுத்தில் விட்டுக்கொடுப்பதற்கான சொல் வந்தபோது, ‘என் கணவர் ஒருமுறை விட்டுக்கொடுத்தார்’ என்று அவள் எழுதினாள். அவருக்குக் கிடைத்த முதல் நல்ல சொல். ‘ஒருமுறை’ வேண்டியதில்லையே என்று அவர் கேட்டார். கண்டதைத்தான் எழுத முடியும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

கடிதக் கட்டுகளை மூன்றாவது மாடிக்கு அவள்தான் கொண்டுவந்து கொடுப்பாள். முதலில் மேஜைமேல் வைத்தாள். பிறகு போட்டாள். பிறகு, மை பாட்டில் குதிக்கும்படி போட்டாள். அப்படிப் போட்ட ஒரு புதன்கிழமைக்கு மறுநாள் காலை, முகச்சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நின்ற வேர்க்காரர், தன் கழுத்தில் பழைய ஐந்து பள்ளங்களுக்கு மேலே புதிதாக ஐந்து பள்ளங்கள் இருப்பதைப் பார்த்தார். சின்ன விரல்கள். மோதிர விரல் இருந்த இடத்தில் மெல்லிய வளையம் ஒன்று பதிந்திருந்தது. அந்த மோதிரத்தை அவருக்குத் தெரியும், அவர்தான் வாங்கிப் போட்டார். ரொம்ப நேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “என்னங்க, நேரமாகுது, இன்னும் என்ன பண்றீங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஒண்ணுமில்லம்மா” என்றார். அன்றைக்கு ஜன்னல் கொக்கிகள் அதிர, சுருதி இல்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சீட்டியடித்ததாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

அலுவலகம் போகிற வழியில் டெய்லர் கடையில் ஏறினார். டெய்லர் டேப்பைக் கழுத்தில் சுற்றிப் பார்த்தார், பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், இரண்டு கைக்கும் சேர்த்துப் பதினேழே முக்கால் என்று எழுதிக்கொண்டார். புதன்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.